என் வீட்டுக்காரர் உண்டாக்கிய முனி

என் வீட்டுக்காரர் திருச்செல்வம் பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றுலா வழிகாட்டி. கழுத்தில் தொங்கும் உரிம அட்டையை அவர் கழற்றுவது குளிக்கும்போதும் சாமி கும்பிடும்போதும்தான். பிறந்தது இங்கே இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். அதை இடித்துத் தரைமட்டமாக்கிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் புதிதாக ஒருவரைப் பார்த்தால் தன் பெயருக்கு முன்னால் அந்த வீட்டின் நம்பரைத்தான் சொல்லுவார். பிரிக்ஃபீல்ட்ஸைத் தன் பெயருக்கு யாரோ பட்டா போட்டுக் கொடுத்திருப்பதாக ஒரு நினைப்பு. மனிதர் நல்லவர்தான். தன்னைவிட இந்த ஊரைத் தெரிந்தவர் இன்னொருவர் இருக்கலாம் என்பதை மட்டும் அவரால் செரிக்க முடியாது.

மற்ற நாட்களில் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்துமலை, கிள்ளான், மலாக்கா என்று போவார். சனிக்கிழமை காலை மட்டும் நடை. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் தன் விருந்தினர்களை அவரோடு மூன்று மணி நேரம் பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்க அனுப்பும். பத்தொன்பது வருடமாக அந்தச் சனிக்கிழமை அவருடையது. என் தம்பி கல்யாணமோ மகளின் பட்டமளிப்போ எதுவும் அதை நிறுத்தியதில்லை. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்றுகூட நடையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவர் நர்ஸைப் பிடித்துக்கொண்டு தோசைக்கு எந்தக் கடை நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய யோசனைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை எல்லோருக்கும். ஸ்டேஷனில் டாக்சி பிடிக்காதே, பேரங்காடிக்குள் புகுந்து மோனோரயில் பக்கமாக வெளியே வா. நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் பட்டை இருக்கும், அதன்மேல் நின்று படம் பிடிக்காதே, அது கண் தெரியாதவர்கள் கோல் தட்டி நடக்கிற வழி. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடு, ஆபீஸ் கூட்டம் வந்தால் பொரித்த பாகற்காய் மிஞ்சாது. பத்துமலைக்கு ஏழு மணிக்கு முன்னால் போ, கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு உனக்கு முன்னாலேயே எழுந்திருக்கும். கிள்ளானுக்குக் கார் எடுக்காதே, கொமுட்டர் ரயிலில் போனால் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். இரண்டாவது வகை மனதுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும். எந்த அக்காவின் வடை முதல் ஈட்டைவிட இரண்டாம் ஈட்டில் நன்றாக வரும், எந்தக் கடையில் ரசத்தைப் புகழ்ந்தால் முதலாளியே பாயசம் கொண்டுவந்து ஊற்றுவார் என்பது மாதிரி. இந்த இரண்டாம் வகையை எனக்கே கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத்தான் சொன்னார்.

போன வருடம் மார்ச்சில் தாரா வந்தாள். முப்பது வயது இருக்கும். செராஸ்காரப் பெண், அவளும் உரிமம் வாங்கிய வழிகாட்டிதான். கைபேசியை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு நாற்பது விநாடியில் பிரிக்ஃபீல்ட்ஸைச் சொல்லி முடித்துவிடுவாள். மோனோரயில் பக்கம் வாங்க, மஞ்சள் பட்டையில நிக்காதீங்க, பாகற்காய் முடியறதுக்குள்ள போங்க. பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில்.

“செராஸ்காரி லா! பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு நாள் தூங்கி எந்திரிச்சிருப்பாளா?” என்று கைபேசியைச் சோபாவில் வீசினார்.

“இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்சதுதானேங்க.”

“ஊருக்கு யாரு சொன்னது?”

பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்து என்ன பிரயோசனம்? மனிதருக்கு வயிறு எரிந்தது. ஆனால் எரிந்துகொண்டே ஒரு வீடியோவை ஏழு தடவை பார்ப்பார். காலையில் பல் விளக்கும்போது தாரா, சாப்பிடும்போது தாரா. இன்று தாரா நீலச் சட்டை. இன்று தாரா ஸ்காட் ரோட்டில். தாராவுக்கு இன்று தொண்டை கட்டியிருக்கிறது. போன மாதம் எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது, அதை வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். பெயர் புனிதா. ஒரு பெண்ணைப் பற்றி என் வீட்டுக்காரர் இத்தனை பேசுவதை வாயை மூடிக்கொண்டு கேட்பேனா? அது வேறு மாதிரிப் பேச்சு என்று எனக்கும் தெரியும். அவள்மேல் அவருக்கு ஆசை கிடையாது, எரிச்சல்தான். ஆனால் இருபத்தேழு வருடத்தில் அந்த எரிச்சல் அளவுக்குக்கூட என்னை அவர் கவனித்ததில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் ஒரே பெண்ணை நினைத்து இரண்டு பேர் எரிந்துகொண்டிருந்தோம்.

ஜூலையில் ஹோட்டலுக்குத் தனேஷ் என்று புது மேனேஜர் வந்தார். பினாங்குக்காரர், மரியாதையான ஆள். இவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, விருந்தினர்கள் தாராவைக் கேட்கிறார்கள் என்றார். “டிசம்பர் வரைக்கும் ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவங்க. ஜனவரியில ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன் அங்கிள்.” வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை போய்விட்டால் நான் யார் புனிதா என்று கேட்டார். சிரிப்பதா, தலையைத் தடவிக் கொடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை இவருடைய நடைக்குத் தாராவே வந்து நின்றாள். ஒளிந்து மறைந்து அல்ல. ஹோட்டலில் பெயர் பதிந்துகொண்டு, தொப்பியோடு, “அங்கிள், உங்க கூட நடந்து கத்துக்கலாம்னு வந்தேன்” என்று நேராகவே சொன்னாள். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் அண்ணன் புதுக் கார் வாங்கியபோதும் அப்படித்தான் சிரித்தார்.

நடை முடிகிற இடத்தில், கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வெறும் மரம். அதன் அடியில் லோரிக்காரர்கள் வெயிலுக்கு நிற்பார்கள், அவ்வளவுதான். அன்று அந்த மரத்தடியில் நின்று, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த ஒரு கதையை இவர் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாளத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளி இந்த மரத்தடியில் கண் அயர்ந்தானாம். கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. எழுந்து பார்த்தால் யாருமில்லை, ஆனால் எதிரே தண்டவாளம் விரிசல் விட்டிருக்கிறது. ஓடிப்போய்ச் சிவப்புத் துண்டைக் காட்டி ரயிலை நிறுத்தினானாம். அறைந்தவர் தண்டவாள முனி. ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து வேண்டுதலை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும், இரண்டாம் தடவை சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அவர் ஒன்றும் செவிடில்லை என்று முடித்தார்.

“இதை நான் போடலாமா அங்கிள்?” என்று தாரா கேட்டாள்.

“தாராளமா போடும்மா.”

அன்று மத்தியானம் மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் அந்தக் கதையை ஹோட்டல் விருந்தினர்களுக்குச் சொல்லும்போது தனேஷுக்கு முன்னால், எந்த ரெக்கார்டில் இருக்கிறது, யார் சொன்னது என்று கேட்டு அவள் மானத்தை வாங்குவது இவருடைய திட்டம். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அவள் உங்களையே கைகாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நான் சொல்லவே இல்லைன்னுடுவேன்” என்றார். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

வேறு ஊராக இருந்தால் பொய்க்கதை பொய்க்கதையாகவே கிடந்திருக்கும். இங்கே நம்மவர்களிடம் ஒரு மரத்தையும் ஒரு முனியையும் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை முப்பது வருட வழிகாட்டி யோசித்திருக்க வேண்டும். தாரா வீடியோ போட்ட இரண்டாவது வெள்ளிக்கிழமை மரத்தில் மஞ்சள் துணி. அடுத்த வாரம் சூலம். அதற்கடுத்த வாரம் சுருட்டு, ஸ்டவுட் பீர் பாட்டில், ஒரு கோழி. கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார்கள், பந்திங்கிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஜெஞ்சாரோம்காரர் ஒருவருக்கு நாலு நம்பர் லாட்டரியில் விழுந்துவிட்டது என்று செய்தி பரவியதும் லோரிகள் நிற்க இடமில்லாமல் போயிற்று. டயர் கடை கமலநாதன் தலைவராக ஒரு கமிட்டி. நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கமிட்டி, ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டு கமிட்டி. இதில் ஆச்சரியமாக ஒன்றோடு நின்றது.

குரங்கைப் பிடிக்கப் போய் முனியாய் முடிந்தது என் வீட்டுக்காரர் கதை. இப்போது அது பொய் என்று வாய் திறந்தால் அந்தச் சந்தில் அவருக்கு அடி விழும். அதைவிட அவருக்கு வலித்தது வேறு. வந்தவர்கள் எல்லோரும் தாராவைக் கும்பிட்டார்கள். தங்கச்சி நீங்கதான் எங்களுக்குச் சாமியைக் காட்டினீங்க என்று ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்து அழுத வீடியோவை இவர் ஒன்பது தடவை பார்த்தார்.

“என் வாயில பொறந்த சாமி புனிதா. பேரு அவளுக்கு.”

“சாமின்னு நீங்களே நம்ப ஆரம்பிச்சிட்டீங்களா?”

“நான் எங்க நம்பறேன்? ஆனா என்னோடது.”

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக்கில் சாப்பாட்டு இடைவேளையின்போது, நான் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனேன். அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரிலும் அது பொய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தும் பழத்தை வைத்தேன். தாரா இந்தச் சனிக்கிழமையை விட்டுப் போகவேண்டும், அவள் பேர் என் வீட்டில் கேட்கக்கூடாது என்று ஒரே தடவை சொன்னேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை. பொறாமை வந்தால் படித்தவள் படிக்காதவள் என்றெல்லாம் கிடையாது, பழம் வாங்க ஓடவேண்டியதுதான்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை மரத்தடியில் பெரிய பூஜை. கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, உருமி மேளம், இருநூறு பேர். தாரா ஹோட்டல் விருந்தினர்கள் எட்டுப் பேரை அழைத்து வந்திருந்தாள், கூடவே தனேஷ். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். இன்று சொல்லிவிடுவேன், அடித்தால் அடிக்கட்டும் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் பின்னால் நின்றேன், ஓடவேண்டி வந்தால் வசதியாக.

கமலநாதன் மைக்கைப் பிடித்தார். நன்றி சொல்லிச் சொல்லிக் கடைசியில் தாராவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். சரிகை வைத்த சிவப்புப் பொன்னாடை. இவருக்குப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கைத்துண்டுகூட யாரும் போர்த்தியதில்லை. பின்னாலிருந்து பார்த்தபோதே அவர் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது.

தாரா மைக்கை வாங்கினாள். “இந்த மரியாதை எனக்கு இல்லீங்க. கதை சொன்னது திருச்செல்வம் அங்கிள்தான். வீடியோவிலயே அங்கிள் பேரைச் சொல்லியிருக்கேன்.” அவள் சொல்லியிருந்தது உண்மை, கடைசி இரண்டு விநாடியில். அதற்குள் இவர் ஒவ்வொரு தடவையும் கைபேசியை வீசிவிடுவார். அவள் மேலும் சொன்னாள்: “ஆனா நான் அப்புறம் ரயில்வே பழைய பேப்பரெல்லாம் தேடிப் பார்த்தேன், எதுவும் கெடைக்கல. இங்க இத்தனை பேர் நம்பி வராங்க. அங்கிள், இது நெஜமா நடந்ததுதானே?”

கேள்வியில் நக்கல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. இவர் எழுந்து நின்றார். இவ்வளவு நாளாக எதற்குக் காத்திருந்தாரோ அது தட்டில் வைத்துக் கொடுத்தது போல் வந்து நின்றது. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான். இவர் பார்த்ததோ பொன்னாடையை.

“எங்கப்பா கண்ணால பார்த்தது” என்றார்.

கமலநாதன் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினார். “அப்படின்னா கற்பூரத்து மேல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணே. ஜனங்களுக்கும் நிம்மதி.”

என் வீட்டுக்காரர் எரிகிற கற்பூரத்தின்மேல் வலது கையை நீட்டினார். “சத்தியமா.” உருமி முழங்கிற்று. தாரா தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டு, “சரி அங்கிள்” என்றாள். அப்புறம், காலையில் அவரோடு சேர்ந்து வந்த என்னைக் கூட்டத்தில் தேடிப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே அவள் தனேஷிடம், ஆதாரம் கிடைக்காத கதையை இனி விருந்தினர்களுக்குச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வருகிறவர்களோ முனியைத்தான் கேட்கிறார்கள். சொல்லத் தயாராக இருந்தவர் ஒருவர்தான், அதுவும் சத்தியம் செய்தவர். ஜனவரியிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் இவருக்கே என்று கடிதம் வந்தது. தாரா கிள்ளானில் தனியாக ஒரு நடை ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழம் வைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இவர் ஜெயித்தவர் மாதிரி இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அடிக்கடி வலது உள்ளங்கையைப் பார்ப்பார். அங்கே ஒரு தழும்பும் கிடையாது. ஆனால் சாமிமேடைக்குப் போய்க் கும்பிடக் கை சேராமல் திரும்பிவிடுவார். தாரா பேரை அவர் எடுக்கவே இல்லை. என் பேரையும் எடுக்கவில்லை. கேட்டது கிடைத்தும் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

முதல் சனிக்கிழமை, “நீயும் வாயேன்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை நடைக்குக் கூப்பிட்டதே கிடையாது. கிளினிக்கில் லீவு போட்டேன். பதினாலு பேர், கடைசியில் தனேஷ். மோனோரயில் பக்கம், மஞ்சள் பட்டை, வடை இரண்டாம் ஈடு எல்லாம் பிரமாதமாகப் போயிற்று. மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரர், அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பிறகு மரத்தடி. புதிதாக ஏற்றிய கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். பதினாலு பேரும் காத்திருந்தார்கள். ஒருவர் படம் பிடிக்கக் கைபேசியை உயர்த்தியபடியே நின்றார். தனேஷ் இவரையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது வருடச் சனிக்கிழமை அங்கேயே போய்விடும் போலிருந்தது. பாவம், எனக்குத் தாங்கவில்லை.

நான் முன்னால் வந்து கதையைச் சொன்னேன். கிளினிக்கில் ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசுகிற அதே இங்கிலீஷில், மெதுவாக. தொழிலாளி வந்தான், கண் அயர்ந்தான், அறை விழுந்தது. சொல்லிக்கொண்டே போனபோது அந்த மனிதனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாளே என்று தோன்றியது. அவளையும் சேர்த்தேன். தினமும் தூக்கில் காப்பி கொண்டுவருவாள். ரயிலை நிறுத்தினவனை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடியபோது அவள் ஆறின காப்பியோடு ஓரமாக நின்றாள். அவன் தன் பக்கம் திரும்பவேண்டும் என்று முதல் எலுமிச்சம்பழத்தை இங்கே வைத்தவள் அவள்தான் என்று முடித்தேன். ஒரு டச்சுக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுவரை கேட்டதிலேயே இதுதான் நன்றாக இருந்தது என்றாள்.

தனேஷ் வந்து, “ஆன்டி, இனிமே கடைசிப் பகுதியை நீங்களே சொல்றீங்களா? ரெண்டு பேரா வாங்களேன்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தாடையை இறுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“காப்பி எங்கேருந்து வந்துச்சு?” என்றார் சந்திலிருந்து வெளியே வந்ததும். “நான் காப்பி சொல்லவே இல்லையே. அந்த அம்மா எதுக்கு அழுதாங்க? நான் சொல்லி ஒருத்தரும் அழுததில்லை. இங்கிலீஷ் இவ்வளவு நல்லா எங்க கத்துக்கிட்ட? அந்தச் சேலைய வேணும்னே கட்டிட்டு வந்தியா?” சிக்னலில் நின்றபோதும் நான்தான் பேச்சு. மாடிப்படி ஏறும்போதும் நான். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றவர், மூச்சு வந்ததும் மறுபடி என் குரலைப் பற்றி ஆரம்பித்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் தனேஷுக்குச் செய்தி அனுப்பினேன், எல்லாச் சனிக்கிழமையும் வருகிறேன் என்று.